மீதி அறுபத்தேழு பேர்

என் வீட்டுக்காரரிடம் "எப்பவும்" என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. குளித்துவிட்டு வந்தவர் ஈரத்துண்டைக் கட்டில் மேல் வீசிவிட்டுப் போனார். "நீங்க எப்பவுமே துண்டைக் கட்டில் மேலதான் போடுறீங்க" என்றேன். எந்த வீட்டிலும் பெண்டாட்டி சொல்கிறதுதான். வேறு ஆளாக இருந்தால் முறைத்திருப்பார், இல்லையென்றால் முணுமுணுத்துக்கொண்டே துண்டைக் கொடியில் போட்டிருப்பார். இவரோ சரியாக ஒரு மாதம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"முப்பது நாள்ல பதினோரு நாள்தான் சாயங்காலம் நான் வரும்போது துண்டு கட்டில்ல கிடந்துச்சு. பத்தொன்பது நாள் கொடியில இருந்துச்சு. இதுக்குப் பேரு எப்பவுமே இல்ல."

அந்தப் பத்தொன்பது நாளும் அதை எடுத்துக் கொடியில் போட்டது நான். மனுஷன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சொன்னேன். திருதிருவென்று விழித்துவிட்டு, "அதை நான் யோசிக்கல" என்று நோட்டை மூடிவிட்டார். அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஊரில் உள்ளதையெல்லாம் எண்ணுவார், எண்ணாமல் விட்டது என்ன என்று மட்டும் பார்க்க மாட்டார்.

அவர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் வாத்தியார். புள்ளியியலையே ஆசைப்பட்டுப் படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். இவருக்கு வாய்த்தவர்கள் வேறு. செடிகொடியைப் பற்றிப் படிக்க வந்தவர்கள், மனசைப் பற்றிப் படிக்க வந்தவர்கள், நர்சிங், வணிகம் என்று எதற்கோ வந்து சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள். அவர்கள் எல்லாரும் ஒரு பருவம் கட்டாயமாக விழுங்கவேண்டிய கசப்பு மருந்து ஒன்று உண்டு. அதை மூக்கைப் பிடித்து ஊட்டிவிடுகிறவர் இவர். காலை எட்டு மணி வகுப்பு. பத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே நேரம், கிட்டத்தட்ட அதே சட்டை.

பிள்ளைகள் இவருக்கு வைத்த பெயர் 'சராசரி'. "சராசரி வந்துட்டாரா?" "சராசரி இன்னிக்கு லீவாம், ஜாலி!" இவருக்கு அதில் கோபமே கிடையாது. "நல்லவேளை, திட்ட விலக்கம்னு வெக்காம விட்டாங்க" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார். எங்கள் வீட்டில் அந்த நகைச்சுவைக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் மகன், போனில் அப்பா இந்தப் பேச்சை ஆரம்பித்தாலே "சிக்னல் சரியில்லப்பா" என்பான்.

இனி என் கதை ஒரு வரி. நான் கண்ணாடிக்கடையில் கண் பார்த்துப் பவர் சொல்கிறவள். இருபத்தோரு வருஷம் ஆயிற்று. கடையில் ஒரு எழுத்துப் பலகை மாட்டியிருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. பலகைக்கு எதிரே காத்திருக்கிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. எங்கள் முதலாளி இடம் பற்றாமல் அப்படிப் போட்டுவிட்டார். அதில் கால்மணி நேரம் உட்கார்ந்தவர், முன்னால் இருக்கிறவர் படிப்பதைக் கேட்டுக் கேட்டு ஏழு வரியையும் மனப்பாடம் செய்துவிடுவார். நாற்காலிக்கு வந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார். கேட்டால் கழுகுக் கண் என்று தோன்றும். எழுந்து போகும்போது வாசற்கதவில் முட்டிக்கொள்வார். ஏன்தான் இந்த வீம்போ, கண்ணாடி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நான் மூன்று பலகை வைத்திருக்கிறேன். ஆள் உட்கார்ந்ததும் மாற்றிவிடுவேன்.

இவருடைய பரீட்சைத்தாளை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பெரிய கேள்வி. சராசரி காண்க, திட்ட விலக்கம் காண்க என்று வருஷா வருஷம் அதே ஐந்து. எண் மட்டும் மாறும். போன வருஷம் கோழி முட்டைகளின் எடை என்றால் இந்த வருஷம் தக்காளிகளின் எடை. பரீட்சைக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் பாஸ். அந்தத் தொண்ணூற்றிரண்டை அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், பேரன் பிறந்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். "உங்க பசங்க பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. நீங்க பலகையை மாத்தவே மாட்டேங்கறீங்க."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு சமாதானம் ஆனபோது, "ரெண்டு நாள் இல்ல, முப்பத்தொரு மணி நேரம்" என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் ஒரு புதுத் துறைத்தலைவி வந்து நின்றார். இவருடைய பழைய மாணவிதான். பதினைந்து வருஷத்துக்கு முன் இவருடைய இதே பேப்பரில் தொண்ணூற்றெட்டு வாங்கியவர். நியமனம் ஆன அன்றைக்கு, "என் ஸ்டூடண்ட், தெரியுமா? தொண்ணூத்தெட்டு!" என்று பால்காரர் வரைக்கும் சொல்லிவைத்தார் இவர். மூன்றாம் மாதம் அந்த மாணவி இவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்து, குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சார், அடுத்த வருஷத்துலேர்ந்து முதலாண்டு புள்ளியியலை வீடியோவா குடுத்துடலாம்னு துறைக் குழுவுல பேசறாங்க. பசங்க அவங்கவங்க ரூம்லயே பார்த்துக்கட்டும். நீங்க டைம்டேபிள், ஹால் ஏற்பாடு இதெல்லாம் பார்த்துக்கலாம்."

"என் பசங்க தொண்ணூத்திரண்டு சதவீதம் பாஸ் பண்றாங்களேம்மா."

"பாஸ் பண்றாங்க சார். கத்துக்கறாங்களா?"

அந்த அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். எங்கிருந்தோ வரவழைத்த ஒரு கேள்வித்தாள்; இருபது கேள்வி. கணக்கு ஒன்றுமே போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றை டிக் அடிக்க வேண்டும். வகுப்பின் முதல் நாள் ஒரு தடவை, கடைசி நாள் அதையே இன்னொரு தடவை. சராசரி நாலு மார்க்காவது ஏறியிருந்தால் வகுப்பு இவருக்கு. ஏறாவிட்டால் வீடியோவுக்கு.

அன்று சாயங்காலம் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பஸ். இரண்டும் சராசரியாக ஐந்து நிமிஷம் தாமதம். ஒன்று தினமும் நாலிலிருந்து ஆறு நிமிஷத்துக்குள் வந்துவிடும். இன்னொன்று சில நாள் நேரத்துக்கே வரும், சில நாள் கால்மணி தாமதிக்கும். பத்து நிமிஷத்துக்கு மேல் பிந்தினால் வேலை கெட்டுவிடும் என்றால் எதை நம்பிப் போவீர்கள்?

"இது என்னங்க கேள்வி? சின்னக் குழந்தை சொல்லும்" என்றேன்.

"சொல்லாது" என்றார் பரிதாபமாக. "ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதுவாங்க. சராசரி ரெண்டுக்கும் அஞ்சுதானே." பத்து வருஷமாக பஸ் தாமதத்தை நோட்டில் குறித்துவருகிற மனுஷன் இதை ஒரு நாளும் வகுப்பில் சொல்லவில்லையாம். கேட்டால், பாடத்திட்டத்தில் இல்லை என்றார்.

முதல் நாள் நூற்றிருபத்தெட்டுப் பேர் எழுதினார்கள். சராசரி இருபதுக்கு ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலே ஐந்து வரும் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம். அந்த எட்டு மணி வகுப்புதான் அவருக்கு எல்லாம். அதைப் பிடுங்கிவிட்டு, எந்த ஹாலில் எத்தனை பெஞ்சு என்று எண்ணச் சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவார். எண்ணத்தான் செய்வார், அது வேறு விஷயம்.

அந்தப் பருவத்தின் நடுவில்தான் ஒரு நர்ஸம்மா என் கடைக்கு வந்தார். நாற்பத்து மூன்று வயது, கையில் பெரிய பை, பெஞ்சில் உட்கார்ந்த வேகத்தில் தூங்கிப்போனார். பலகையை மனப்பாடம் செய்யாத ஒரே வாடிக்கையாளர்.

"படிக்கறதுக்குக் கண்ணாடி வேணும்க்கா. மாத்திரை அட்டையில எழுத்து தெரிய மாட்டேங்குது. அதோட டிகிரி வேற படிக்கிறேன். முடிச்சாத்தான் வார்டு இன்சார்ஜ் ஆக்குவாங்க. எல்லாப் பேப்பரும் ஆச்சு, ஒண்ணே ஒண்ணு உயிரை வாங்குது. ரெண்டு தடவை போச்சு. முப்பத்தி நாலு, முப்பத்தாறு. இது மூணாவது."

"என்ன பேப்பர் சிஸ்டர்?"

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ். சராசரின்னு ஒரு சார் இருக்காரு."

நான் லென்ஸைத் துடைப்பது போல் குனிந்துகொண்டேன். "எப்படி ஆளு?"

"நல்ல மனுஷன்க்கா. ஆனா போர்டைப் பார்த்துத்தான் பேசுவாரு, எங்களைப் பார்க்க மாட்டாரு. அவரு சொல்றது புரியற மாதிரியே இருக்கும், ஃபார்முலா வந்ததும் என் தலை சுத்திடும். பாவம், சட்டைப் பட்டனைத் தினம் ஒண்ணு மாத்திப் போட்டுட்டு வர்றாரு. வீட்ல யாரும் பார்த்து அனுப்ப மாட்டாங்க போல."

எனக்குச் சுருக்கென்றது. "பார்த்துத்தான் சிஸ்டர் அனுப்புறேன்" என்றேன். "பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள அவரே அவுத்து மாத்திப் போட்டுக்குவாரு."

அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஐயையோ!" என்று எழுந்தவருக்குத் தூக்கம், பசி எல்லாம் பறந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். இவரிடம் நான் மூச்சு விடவில்லை. பட்டனை மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசி நாள் வந்தது. அதே இருபது கேள்வி. மறுநாள் மனுஷன் வீட்டுக்கு இனிப்பு டப்பாவோடு வந்தார். பதிமூன்று புள்ளி ஒன்று! ஒன்பதிலிருந்து பதிமூன்று புள்ளி ஒன்று. கேட்டது நாலு, கிடைத்தது நாலு புள்ளி ஒன்று. ஒரு பெரிய அட்டையில் இரண்டு தூண் வரைந்தார். குட்டையாக ஒன்று, நெட்டையாக ஒன்று. நெட்டைக்கு எங்கள் மகனுடைய பழைய வண்ணப் பென்சிலால் பச்சை அடித்தார். அன்று துண்டை அவரே கொடியில் போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டம் வியாழக்கிழமை பத்து மணிக்கு. புதன்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தவர் அந்த அட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளிக்குக் காட்டினார். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவருக்கு, அவர் கேட்காமலே, விளக்கினார். பெரியவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தேன், ஒன்றும் தெரிந்திருக்காது. "ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்றார் பாவம்.

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா உள்ளே வந்தார். கண்ணாடியில் ஒரு ஸ்க்ரூ கழன்றிருந்தது. இவருக்குக் கேட்கவா வேண்டும்! "வாங்க சிஸ்டர், வாங்க, நம்ம வகுப்போட சாதனையைப் பாருங்க" என்று அட்டையைத் தூக்கிப் பிடித்தார். நான் ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குட்டைத் தூணைப் பார்த்தார், நெட்டைத் தூணைப் பார்த்தார், அதன் அடியில் இவர் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"சார், முதல் நாள் நூத்தி இருபத்தெட்டுப் பேரு. கடைசி நாள் அறுபத்தொண்ணு. மீதி அறுபத்தேழு பேர் எங்க சார்?"

"வரல. எட்டு மணி வகுப்பு, பாதிப் பேரு நின்னுட்டாங்க."

"நின்னவங்க முதல் நாள் எத்தனை வாங்கியிருந்தாங்க?"

இவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நர்ஸம்மா யாரையும் மடக்கிப் பேசுகிற ஆள் இல்லை. வார்டு நினைவில் சொல்லிக்கொண்டே போனார். "எங்க வார்டுலயும் இப்படித்தான் சார். புது மருந்து குடுத்து ஆறு வாரம் கழிச்சு வரச் சொல்வாங்க. வர்றவங்க எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. நடந்து வர முடிஞ்சவங்கதானே வருவாங்க. மருந்து கேக்காதவங்க வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க, சில பேரு போயே சேர்ந்திருப்பாங்க. வந்தவங்களை மட்டும் எண்ணிட்டு டாக்டர் பிரமாதம்னு எழுதிடுவாரு. நான் பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடணும்." பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா சார்?" என்றார்.

"இல்ல சிஸ்டர்" என்றார் இவர். அட்டையைச் சுருட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாள், கடைசி நாள் விடைத்தாள் கட்டுகள் இரண்டையும் மேசை மேல் பரப்பினார். நான் பெயரைப் படித்தேன், அவர் ஜோடி சேர்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசி நாள் வந்த அறுபத்தொரு பேரும் முதல் நாளே பதினொன்று புள்ளி ஒன்பது வாங்கியிருந்தவர்கள். இப்போது பதிமூன்று புள்ளி ஒன்று. ஏறியது ஒன்று புள்ளி இரண்டு. நின்றுபோன அறுபத்தேழு பேருடைய முதல் நாள் சராசரி ஆறு புள்ளி நாலு. புரியாதவர்கள் புரியாமலே போய்விட்டார்கள். அவர்கள் போனதால் நெட்டையான தூண் அது.

"இதைப் பத்தொன்பது வருஷமா மூணாவது பாடத்துல நடத்துறேன்" என்றார். "யாரை எண்ணினோம்னு முதல்ல கேளுங்கன்னு போர்டுல எழுதிப் போடுறேன்."

எனக்கு அந்த நேரம் தத்துவம் ஒன்றும் தோன்றவில்லை. இந்த மனுஷனை நாளைக்கு அந்த வகுப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற கவலைதான். "பேசாம அந்த நாலு புள்ளி ஒண்ணையே குடுங்க" என்றேன். "யாரு கேக்கப்போறா?"

"சிஸ்டர் கேட்டாங்களே."

"அவங்க குழுவுல இல்ல. நீங்க வாயைத் திறக்காதீங்க, அவ்வளவுதான்."

அவர் கோபப்படவில்லை. "உன் கடையில ஒருத்தர் பலகையை மனப்பாடமா ஒப்பிச்சா, உனக்குக் கண்ணாடி வேணாம்னு அனுப்பிடுவியா?" என்று கேட்டார்.

என் ஆயுதத்தையே எடுத்து என்னைக் குத்திவிட்டார். நான் சோற்றைப் போட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நர்ஸம்மாவுடையது. முதல் நாள் பன்னிரண்டு, கடைசி நாள் பதினெட்டு. வகுப்பிலேயே அதுதான் அதிகம். இன்னொரு தாள், இவருடைய இடைப்பரீட்சையில் தொண்ணூற்றாறு வாங்கிய பையனுடையது. அதில் முதல் நாளும் பத்து, கடைசி நாளும் பத்து.

"என் பேப்பர்ல இவங்க ரெண்டு தடவை ஃபெயில்" என்றார் மெதுவாக. "பேப்பர்தான் ஃபெயில் ஆயிருக்கு."

வியாழக்கிழமை அவர் அந்தப் பச்சை அட்டையை எடுத்துப்போகவில்லை. ஒற்றைத் தாளில் ஒன்று புள்ளி இரண்டு என்று எழுதிக்கொண்டு போனார். பட்டன் சரியாக இருந்ததா என்று நானும் பார்க்க மறந்துவிட்டேன். அங்கே நடந்ததை அவர் வந்து சொன்னார், யார் எந்த நாற்காலியில் என்பது உட்பட. இவர் வாசித்து முடித்ததும் துறைத்தலைவி தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாராம்.

"சார், இந்த இருபது கேள்வியையும் நானே ஒரு நாள் வீட்ல உக்காந்து எழுதிப் பார்த்தேன். பத்து வந்துச்சு. உங்ககிட்ட தொண்ணூத்தெட்டு வாங்கினவ நான்."

"கேட்டதும் எப்படி இருந்துச்சு?" என்று இவரைக் கேட்டேன்.

"அசிங்கமா இருந்துச்சு" என்றார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷன்.

நிபந்தனை நிபந்தனைதான். எட்டு மணி வகுப்பு வீடியோவுக்குப் போனது. ஆனால் அந்த அம்மா கூடவே ஒன்று கேட்டார்: தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் வருஷா வருஷம் மிஞ்சுகிறது, அவர்களுக்கு வீடியோ உதவாது, அவர்களை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா, பேப்பரும் உங்கள் இஷ்டம். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், எத்தனை பேர் என்று.

அடுத்த வாரம் பழைய பேப்பரின் கடைசிப் பரீட்சை. நர்ஸம்மாவுக்கு முப்பத்தெட்டு. நாற்பதுதான் பாஸ். நான் குதித்தேன். "ரெண்டு மார்க் போட்டா குடியா முழுகிடும்? அவங்க உங்களை எவ்வளவு பெரிய தப்புலேர்ந்து காப்பாத்தினாங்க!"

"அதுக்கு மார்க் போட இந்தப் பேப்பர்ல இடமே இல்லையே" என்றார். "அடுத்ததுல வெக்கிறேன்." எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. நர்ஸம்மாதான் ஆறுதல் சொன்னார், எனக்கு!

புதுப் பருவத்தில் இருபத்தொன்பது பேர். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த ஒரு அறை. சாயங்காலம் ஐந்து மணி. நர்ஸம்மாவின் டியூட்டி ஐந்துக்குத்தான் முடியும் என்று தெரிந்ததும் ஐந்தரையாக்கினார். போர்டுக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழகினார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி வேறு. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கே போன் செய்தார். நோட்டில் முதல் முறையாக எண்ணுக்குப் பதில் எழுத்தாக எழுதினார்: குழந்தைக்குக் காய்ச்சல். ஓவர்டைம். புரியவில்லை, சொல்ல வெட்கம். அந்தக் கடைசி ஆளை வீட்டுக்கே கூட்டி வந்து எங்கள் சமையல் மேடையில் பஸ் கதையை வரைந்து காட்டினார். என் மாவு டப்பாதான் பஸ். உங்களுக்கு என்ன, மாவைத் துடைத்தது நான்.

நடுநடுவே எனக்கும் பயமாக இருந்தது. இதுவும் ஏறவில்லையென்றால் இவரை மிச்சமிருக்கிற வருஷமெல்லாம் ஹால் எண்ணத்தான் அனுப்புவார்கள்.

கடைசிப் பரீட்சை ஒரு சனிக்கிழமை மதியம். நாலு மணிக்கு என் கடைக்கு வந்தார். கையில் விடைத்தாள் கட்டு. வீட்டுக்குப் போகப் பொறுமை இல்லை போல. பெஞ்சில், ஒரு அம்மாவுக்கும் அவர் மகளுக்கும் நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

"இருபத்தொன்பது" என்றார் என்னைப் பார்த்து.

"என்னது, மார்க்கா?"

"ஆளு. முதல் நாள் இருபத்தொன்பது. இன்னிக்கும் இருபத்தொன்பது. சிஸ்டர் டியூட்டி உடுப்போடயே வந்து எழுதினாங்க."

பிறகு கட்டை மடியில் வைத்துப் பிரித்தார். மற்றக் கேள்விகளைத் தள்ளித் தள்ளி, எல்லாத் தாளிலும் கடைசிக் கேள்வியை மட்டும் படித்துக்கொண்டே போனார். பலகையை மாற்றப் போகிற சாக்கில் நான் பின்னால் போய் நின்று பார்த்தேன். கேள்வியை அவரே எழுதியிருந்தார். 'ஒரு வகுப்பில் முதல் நாள் சராசரி ஒன்பது. கடைசி நாள் பதிமூன்று. பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்கிறார் வாத்தியார். அவரிடம் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்?'

தன் மானம் போன கதையைத் தானே கேள்வியாக்கிப் பத்து மார்க்குக்கு வைத்திருக்கிறார் மனுஷன். மேலே இருந்தது நர்ஸம்மாவின் தாள். முதல் வரியே, 'எத்தனை பேர் இரண்டு நாளும் வந்தார்கள் சார்?' அடுத்த தாளில், 'வராதவர்கள் யார்?' அதற்கடுத்ததில், கோணல்மாணலான கையெழுத்தில், 'நின்று போனவர்களைத் தேடிப் போனீர்களா?' வெட்கப்பட்டுக்கொண்டு எங்கள் சமையல் மேடைக்கு வந்தவன் எழுதியது அது.

கடைசித் தாளையும் புரட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் பலகையை விட்டுவிட்டு இவரையே பார்த்தார்கள்.

"எல்லாரும் சரியா எழுதிட்டாங்களாங்க?" என்றேன்.

"எல்லாரும்னு சொல்லாத" என்றார். "இருபத்தேழு பேரு."

பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் ஒரு தூசி கிடையாது. காலையில் நான்தான் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.